என் அப்பா அதோ, பின்னால் உட்கார்ந்திருக்கிறார்

நடுவர் ஐயா அவர்களே, நான் எழுந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி அண்ணா, குறிப்புச் சீட்டை மூன்றாவது முறையாக அடுக்கிக்கொண்டிருக்கிற எதிரணித் தங்கச்சி, என் அணித் தலைவர் அக்கா, பின்னால் சமையலறை வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஆயாக்களே, தாத்தாக்களே, எல்லோருக்கும் வணக்கம். முன் வரிசைக்கும் வணக்கம் சொல்லலாம் என்று பார்த்தேன். அங்கே "ரிசர்வ்ட்" என்று ஒட்டின காகிதங்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. சரி, ஆட்கள் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

இளைஞர்களை நிமிர வைப்பது வீட்டுப் பேச்சா, மேடைப் பேச்சா என்பது தலைப்பு. நான் மேடைப் பேச்சு அணி. வீட்டில் என் பேச்சு எடுபடாததால்தான் மேடைக்கு வந்திருக்கிறேன் என்று என் பையன் நினைக்கிறான், அது வேறு விஷயம்.

எதிரணி அண்ணா பட்டமளிப்பு விழாவை ஒரு பிடி பிடித்தார். கவுன் வாடகை, தொப்பி வாடகை, பேச வருகிறவரும் வாடகை, சாயங்காலம் நாலு மணிக்குக் கவுனைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை காதில் விழுந்த பேச்சையும் அதோடு சேர்த்துக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறான் என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அமெரிக்காவுக்குப் போனார். 2014இல் மெக்ரேவன் என்கிற கடற்படை அட்மிரல் ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்புப் பேச்சு பேசினார், உலகத்தை மாற்ற வேண்டுமானால் காலையில் எழுந்ததும் முதலில் படுக்கையைச் சரிசெய் என்றார், உலகமே அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது, எங்கள் அம்மா இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டில் இதையேதான் தினமும் ஆறு மணிக்குச் சொன்னாள், அவளுக்கு யார் மைக் கொடுத்தது என்று கேட்டார். நல்ல கேள்வி அண்ணா. அம்மா சொன்னார்கள், சரி. நீங்கள் மடித்தீர்களா? அண்ணி இங்கேதான் இருக்கிறார், சாப்பாட்டுக்கு நிற்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி ஸ்டீவ் ஜாப்ஸை எடுத்துக்கொண்டார். 2005 ஜூன் மாதம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேசின பேச்சு. கல்லூரியையே முடிக்காத மனிதர் பட்டம் வாங்குகிறவர்களுக்குப் புத்தி சொல்வதா என்றார். தங்கச்சி, அதை அவரே பேச்சின் முதல் நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார். நான் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை, ஒரு பட்டமளிப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே இன்றைக்குத்தான் என்று ஆரம்பிக்கிறார். பிறகு மூன்றே மூன்று கதை, கால் மணி நேரம். படிப்பை விட்ட பிறகும் எழுத்தை அழகாக எழுதுகிற ஒரு வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்தது, பத்து வருஷம் கழித்து அதுதான் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் எழுத்துருக்களாக வந்தது என்பது முதல் கதை. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது ஏற்கெனவே நன்றாக இருக்கிற பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் துணிச்சலாக இருக்கச் சொல்கிற பேச்சு. அந்த மைதானத்தில் யாருடைய அப்பாவும் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. இதைச் சொன்னதற்காக என் அணித் தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை, நான் அதைவிட நல்ல சரக்கு வைத்திருக்கிறேன்.

நம் தென்னாப்பிரிக்காச் சரக்கு. ஸ்டான்ஃபோர்ட் இருக்கிற பாலோ ஆல்டோவுக்குப் போக வேண்டாம், என்2 நெடுஞ்சாலையைக்கூடத் தாண்ட வேண்டாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கொஞ்சம் வடக்கே போக வேண்டும்.

1972 ஏப்ரல் 29. அன்றைய பீட்டர்ஸ்பர்க், இன்றைக்குப் பொலொக்வானே என்கிறோம், அதன் பக்கத்தில் டர்ஃப்ளூப் என்ற இடம். அங்கே வடக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, இப்போது லிம்போபோ பல்கலைக்கழகம். 1959இல் நிறவெறி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, பந்தியில் சாதிக்கொரு இலை விரித்த மாதிரி, ஆளுக்கொரு கல்லூரி என்று பிரித்தார்கள் இல்லையா? சோத்தோ, வெண்டா, சோங்கா பேசுகிறவர்களுக்கு டர்ஃப்ளூப், ஜுலுக்களுக்கு ஜுலுலாந்து, கலப்பினத்தவருக்குக் கேப் பக்கம், இந்தியரான நமக்கு டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் கடற்படைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பழைய கட்டடங்கள். அந்தத் தீவில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், தலை ஆடுவது இங்கிருந்தே தெரிகிறது.

அந்த விழாவில் பட்டதாரிகள் சார்பாக ஒருவர் பேச வேண்டும். மாணவர்கள் தேர்ந்தெடுத்தது ஒன்கொபொட்சே டீரோ என்கிற இருபத்தாறு வயதுப் பையனை. மாணவர் பேரவைத் தலைவராக இருந்தவர். ஜீரஸ்ட் பக்கம் டினொக்கானா என்கிற ஊர். சின்ன வயதில் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் மாங்கனீசுச் சுரங்கத்தில் பாத்திரம் கழுவினவர், பிறகு திரும்பப் பள்ளிக்குப் போய் அங்கேயிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் வந்தவர். மேடையில் வேந்தராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? டாக்டர் ஐஸலன். கறுப்பர் பிள்ளைகளுக்குத் தனிக் கல்வி, பாண்ட்டு கல்வி என்று 1953இல் சட்டம் வந்ததே, அதற்கு அடித்தளம் போட்டுக் கொடுத்த குழுவின் தலைவர். அவர் முன்னால் நின்று இவர் நன்றி சொல்லி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

பேச்சாளராக நான் ரசிக்கிற இடம் முதல் வாக்கியம். டீரோ ஆரம்பிக்கும்போதே பிரதமர் வோர்ஸ்டரிடம் வார்த்தையைக் கடன் வாங்குகிறார். சட்டப்படி தனக்கு உரியதற்காகப் போராடின எந்தக் கறுப்பனும் தொல்லையில் மாட்டினதில்லை என்று வோர்ஸ்டர் அதற்கு முந்தின வருஷம் சொல்லியிருந்தார். இது எவ்வளவு தூரம் உண்மையோ எனக்குத் தெரியாது, ஆனாலும் இதன்மேல் நின்றுகொண்டே பேசுகிறேன் என்றார் டீரோ. நடுவர் ஐயா, பட்டிமன்றத்தில் முப்பது வருஷம் தீர்ப்பு சொன்னவர் நீங்கள், இந்தப் பிடிக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? எதிராளி வீட்டு ஏணியை வாங்கி எதிராளி வீட்டுக் கூரையிலேயே ஏறுகிறான் பையன்.

அதற்கப்புறம் ஒன்றும் அலங்காரமே இல்லை. அமெரிக்காவில் அமெரிக்கர் எல்லோருக்கும் ஒரே கல்விதான், இங்கே பாண்ட்டு கல்வி, இந்தியர் கல்வி, கலப்பினத்தவர் கல்வி, ஐரோப்பியர் கல்வி என்று நாலு இருக்கிறது, ஐரோப்பியர் கல்வியில் இருப்பது எது ஆப்பிரிக்கனுக்கு ஆகாது என்று கேட்டார். "இந்தியர் கல்வி" என்று நம் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னார், கவனியுங்கள். நம்மில் யாரும் அந்த அரங்கில் இல்லை. நம் மேடையில் அன்றைக்கு நம் பெயரை அவ்வளவு பச்சையாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று விரல் விடுங்கள், நான் இதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் கல்வித் தத்துவத்தை ஆட்சியிலிருந்த வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயம், ஏன் என்று கேட்டால் பல்கலைக்கழகத்தின் செனட் சபை முடிவு செய்துவிட்டது என்கிறார்கள், அப்படியானால் செனட்தான் எங்கள் பெற்றோர் போலிருக்கிறது என்றார். கொள்கைப்படி அவரவருக்கு அவரவர் நிர்வாகம் என்றால் டாக்டர் ஐஸலன் இந்த வேந்தர் பதவியை ஒரு கறுப்பருக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமே என்றும் கேட்டார். ஐஸலன் மேடையில் இருக்கிறார்!

இதெல்லாம்கூட அரசியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது நடுவில் வருகிற ஒரு சின்ன இடம். அவர் சொன்னதன் சாரம் இது. எங்கள் பெற்றோர் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், அவர்களை வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அரங்கம் நிரம்பிவிட்டது என்கிறார்கள். 1970இல் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று நினைத்தபோது பந்தல் போட்டு உள்ளே நடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினீர்களே, இன்றைக்கு ஏன் முடியவில்லை? எங்களுக்காக ஒரு ஆரவாரம்கூடச் செய்யத் தெரியாதவர்களுக்கு முன் வரிசை. என் அப்பா அதோ, பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் குறள் சொன்னீர்கள். தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து முந்தி இருப்பச் செயல். மகனைச் சபையில் முதல் வரிசையில் உட்கார வைப்பது தகப்பன், அதாவது வீடு, மேடை இல்லை என்று வாதம் வைத்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். டீரோவை மேடை வரைக்கும் கொண்டுவந்தது அவருடைய வீடுதான். மகனை அவையத்து முந்தி இருக்கச் செய்த அந்தத் தகப்பன் எங்கே இருந்தார்? பின் வரிசையில். அவருக்கு அங்கே என்ன பேச முடியும்? மூன்று குறள் தள்ளி அதே அதிகாரத்தை முடிக்கிறவர் வள்ளுவர் என்ன சொல்கிறார் பாருங்கள், மகன் தந்தைக்கு ஆற்றும் உதவி, "இவன் தந்தை என்நோற்றான் கொல்" எனும் சொல். பணம் இல்லை, பட்டம் இல்லை, சொல். அந்தச் சொல்லை ஊர் எங்கே வைத்துச் சொல்லும்? சபையில் வைத்துத்தான் சொல்லும். ஆக அதிகாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தங்கச்சி, மீதியில் நான் இருக்கிறேன்.

இப்போது என் வீட்டுக் கதை கொஞ்சம். வீட்டுப் பேச்சு அணிக்கு நானே சாட்சி கொடுக்கிற மாதிரி இருக்கும், கடைசிவரை கேளுங்கள்.

என் தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மேகசின் பேரக்ஸில் இருந்தவர், அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா சாலிஸ்பரி தீவில் படித்தார். படகில் போய் வர வேண்டும். மழைக்காலத்தில் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஆயா காயவைப்பாளாம், ஒரு நாள் அதிகமாகக் காய்ந்து ஒரு செருப்பு மட்டும் சுருங்கிப்போய், அப்பா நாலு மாசம் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார் என்று அத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அப்பாவின் பட்டமளிப்பு போட்டோ ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. அதில் அப்பா தனியாக நிற்கிறார். தாத்தா ஏன் இல்லை என்று சின்ன வயதில் கேட்டேன். தாத்தாவிடம் கோட் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார், தோளில் பிடித்துக்கொண்டு கை கீழே இறங்கவில்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டா உட்காருவேன், கைது பண்ணின மாதிரி இருக்கும் என்று சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து அப்பாவை ஏற்றி அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கோட் போட்டுத்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு வீடு என்ன சொன்னது? "நல்லபடியா போய்ட்டு வா." அவ்வளவுதான்.

அப்பா ஆசிரியராகிவிட்டார். 1972 வந்தது. டீரோவைப் பேசின சில நாளிலேயே பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கினார்கள். மாணவர்கள் எதிர்த்து உட்கார்ந்தார்கள், மொத்தப் பேரையும் வெளியேற்றினார்கள், சேர வேண்டுமானால் புதிதாக மனுப் போட்டு வா என்றார்கள். நெருப்பு ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் பரவியது. நம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். டீரோ சேர்ந்திருந்த கறுப்பு மாணவர் அமைப்பான சாசோவின் அலுவலகம் எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? நம் டர்பனில், பீட்ரிஸ் தெருவில், 86ஆம் எண். ஸ்டீவ் பிக்கோ நம் ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது உருவான அமைப்பு அது. கறுப்பர் என்ற சொல்லுக்குள் இந்தியரையும் கலப்பினத்தவரையும் சேர்த்தே பேசினார்கள், ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் எல்லாம் அதில் இருந்தவர்கள்.

என் சித்தப்பா அப்போது வெஸ்ட்வில்லில் இரண்டாம் வருஷம். அவரும் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா என்ன செய்தார்? தட்டிக்கொடுத்தார் என்று சொல்லத்தான் ஆசை. சித்தப்பாவைச் சமையலறையில் நிறுத்தி வைத்து, "நாளைக்கு வகுப்புக்குப் போ. அம்மா விடிகாலை மார்க்கெட்ல கூடை தூக்குறா. டர்ஃப்ளூப்ல எவனோ பேசினான்னு நீ ஏன் வீட்ல உட்கார்றே? உன் பேரு எழுதிக்குவாங்க, ஒரு பள்ளிக்கூடத்துலயும் வேலை கிடைக்காது" என்றார். ஆயா அழுதாள். தாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் ஐயா, இதுதான் வீட்டுப் பேச்சு. இதை நான் கேலி செய்யவில்லை. பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிற வீடு இதைத்தான் சொல்லும், நானும் இன்றைக்கு என் பையன் ஊர்வலத்துக்குப் போகிறேன் என்றால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன், அப்புறம் போகாதே என்பேன். வீட்டுக்கு நடுக்கம் உண்டு. வாடகை, மாசக் கடைசி, போலீஸ் ஜீப், எல்லாம் அந்தப் பேச்சுக்குள் உட்கார்ந்திருக்கும். "படி, தலையைக் குனிஞ்சுக்கோ, வேலையை வாங்கிக்கோ." இந்த ஊரில் நூற்று ஐம்பது வருஷமாக நாம் பிழைத்தது அந்தப் பேச்சால்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் தலைப்பு பிழைக்க வைப்பதைப் பற்றி இல்லையே ஐயா. நிமிர வைப்பது எது என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்? குனிஞ்சுக்கோ என்று சொல்கிற வாயே நிமிர்ந்துக்கோ என்றும் எப்படிச் சொல்லும்? அதற்கு இன்னொருவர் வேண்டும், வீட்டுக்கு வெளியே, ஒரு மேடையில், எல்லோரும் பார்க்க. அப்பா அம்மா இருபது வருஷம் மென்று முழுங்கினதை அவர்களுக்காகவே சத்தமாகச் சொல்கிற ஒரு பிள்ளை.

சித்தப்பா வகுப்புக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீரோவின் பேச்சை அப்பா முழுசாகப் படித்தது ரொம்ப நாள் கழித்துத்தான், 94இல் எல்லோருக்கும் ஓட்டு வந்ததற்கு அப்புறம். நான்தான் நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வராந்தாவில் உட்கார்ந்து படித்தார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். எந்த இடம் என்று பார்க்க எட்டிப் பார்த்தேன், என் அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்ற வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்பா சொன்னார்:

"அவங்க அப்பா பின்னாலயாவது உட்கார்ந்தார்."

மீதியைப் படிக்க எனக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அந்தத் தனி போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து, தாத்தாவுடைய கார்ப்பரேஷன் அடையாளச் சீட்டில் இருந்த சின்னப் படத்தை அதே ஃபிரேமுக்குள் ஒரு மூலையில் செருகி மாட்டினார். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, கொஞ்சம் கோணலாக.

அண்ணா ஒரு கேள்வி கேட்டார், அதை விட்டுவிட்டுப் போனால் நியாயம் இல்லை. இப்படி மேடையில் பேசினவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள், பேச்சு சோறு போட்டதா என்றார். சோறு போடவில்லை அண்ணா. டீரோவுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க முடியவில்லை. 1973இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவில் மாரிஸ் ஐசக்சன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் துணிந்து வரலாற்று ஆசிரியர் வேலை கொடுத்தார். அதுவும் சில மாசம்தான், மேலிடத்து நெருக்கடியில் போய்விட்டது. போட்ஸ்வானாவுக்குத் தப்பிப் போனார். 1974 பிப்ரவரி 1, பார்சல் ஒன்று வந்தது, பிரித்தார், வெடித்துச் செத்தார். இருபத்தெட்டு வயது. அங்கேயே புதைத்தார்கள், 1998இல்தான் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அந்தச் சில மாசத்தில் அவர் வரலாறு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் ட்ஸியெட்ஸி மஷினினி என்று ஒரு மாணவன் இருந்தான். 1976 ஜூன் 16 அன்று, பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸில் படி என்ற உத்தரவை எதிர்த்து அந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தவன் அவன். நாம் இப்போது இளைஞர் தினம் என்று லீவு விட்டு பிரை போட்டுக் கறி சுடுகிற நாள் அது. டீரோ ஒருவரால்தான் அது நடந்தது என்று நான் சொன்னால் வரலாறு தெரிந்தவர்கள் எழுந்து அடிக்க வருவார்கள், அதற்கு நூறு காரணம் உண்டு. ஆனால் ஆஃப்ரிகான்ஸில்தான் படிக்க வேண்டுமா, யார் முடிவு செய்தது என்று ஒரு பட்டமளிப்பு மேடையில் கேட்ட ஆள், நாலு வருஷம் கழித்து அதே கேள்வியோடு தெருவுக்கு வந்த பிள்ளைகளின் வகுப்பறைக்குள் நின்றிருக்கிறார். கவுனோடு கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிற பேச்சா அண்ணா இது? அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இன்றைக்கு ஒரு அரங்கத்துக்கு டீரோ பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லாப் பட்டமளிப்புப் பேச்சும் இப்படியா என்று கேட்டால், ஐயோ, இல்லை. மூன்று வருஷம் முன்னால் என் பெண் பட்டம் வாங்கினாள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். பேச வந்தவர் நாற்பது நிமிஷம் தரவரிசை, நிதி ஒதுக்கீடு, புதுக் கட்டடம் என்று படித்துக்கொண்டே போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஜுலு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை, அதை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த அம்மாவின் மகன் பெயரைக் கூப்பிட்டதும் பாருங்கள், எழுந்து நின்று, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டார். அரங்கமே அதிர்ந்தது. எல்லோருடைய பெயரும் முடிகிற வரை அமைதியாக இருக்கும்படி மைக்கில் கேட்டுக்கொண்டார்கள். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மாரியம்மன் கஞ்சிக்கு வருஷம் தவறாமல் குலவை போடுகிறவள், என் காதில் "இது நம்ம குலவைதானேடி" என்றாள். நாலு பெயர் கழித்து என் பெண்ணின் பெயர் வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அம்மாவும் சேர்ந்துகொண்டார். என் பெண் மேடையில் படி தடுக்கிக்கொண்டே சிரித்தாள்.

ஆரவாரம் செய்யத் தெரியாதவர்களுக்கு முன் வரிசை என்று டீரோ சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

டீரோ முடிக்கும்போது பட்டம் வாங்கினவர்களைப் பார்த்துக் கேட்டார், நாட்டுக்கு வேண்டிய நேரத்தில் கைகொடுக்காவிட்டால் உங்கள் படிப்பு எதற்கு என்று. எத்தனை டாங்கிகள் வைத்திருந்தாலும் யாராலும் திருப்ப முடியாத ஒரு நாள் வரும் என்றார். அந்த நாள் வருவதற்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருந்தது, அவருக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. இருபத்தாறு வயதில் எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருகிற பன்னி சௌ எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தெரியும்.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், பார்த்துவிட்டேன். முடித்துவிடுகிறேன். வீட்டுப் பேச்சா மேடைப் பேச்சா என்று தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது ஐயா. நான் பேச ஆரம்பித்தபோது முன் வரிசையில் பதினொரு நாற்காலி காலியாக இருந்தது, இப்போதும் பதினொன்று காலியாகத்தான் இருக்கிறது. பின்னால் சமையலறை வாசலில் பருப்புக் கொதிக்கிற ஆவியில் ஆயாக்கள் முக்கால் மணி நேரமாக முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மாவும் அங்கேதான். தம்பிகளா, நீங்கள் நாலு பேர் எழுந்து வாருங்கள், அந்தக் காகிதங்களைக் கிழித்துவிட்டு அவர்களைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து உட்கார வையுங்கள். அம்மா, மெதுவா வா, ஒயர் இருக்கு, தடுக்கும்.

ஐயா, அவர்கள் உட்கார்ந்ததும் மணியை அடியுங்கள்.